துண்டுக்குள் பேசியது

ஆனி 20, வெள்ளி

காலையில் தூறல். வெள்ளைக் குதிரைக்கு முன்னங்கால் இரண்டுக்கும் லாடம் மாற்றினேன். ஊறவைத்த கொள்ளு மிஞ்சிவிட்டது, நாளைக்குக் குறைத்துப் போட வேண்டும்.

மத்தியானம் மகள் இளமதிக்குச் சேதி வந்தது. தில்லிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நேரே இரண்டாம் வருஷத்தில் வந்து சேரலாமாம். கணக்குப் பாடம். பாதிச் சம்பளம் தள்ளுபடி. ஆடி இருபத்தொன்பதுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் என் பெயரும் இருந்ததால் என் கைப்பேசிக்கும் அதே சேதி வந்திருந்தது. அந்த இடத்தின் பேரைச் சொன்னதும் பேங்க் மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்கு இந்த ஊரில் இதுவரை யாரும் அப்படிக் கை கொடுத்ததில்லை.

பங்குனியில் கோயமுத்தூர் போய் அந்தப் பரீட்சை எழுதினாள். வாங்குகிற எண்ணம் இல்லாமல் சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமே, அப்படி நினைத்துத்தான் நானும் அனுப்பினேன். இப்போது ஈரோட்டுக் கல்லூரியில் முதல் வருஷம் முடித்திருக்கிறாள். வகுப்பில் அவள்தான் முதல். காலை ஏழு மணிக்கு பஸ் கேட்டுக்கு வரும், சாயங்காலம் ஐந்துக்குக் கொண்டுவந்து விடும். குறை ஒன்றும் இல்லை.

சேதியைக் காட்டிவிட்டு அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. குதிரைக்குத் தண்ணீர் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஆனி 23, திங்கள்

விடிகிற நேரத்தில் ஒரு கனவு. நீளமான தாழ்வாரம், ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். வெளியே மஞ்சள் பூத்த மரங்கள். என் வெள்ளைக் குதிரை அந்தத் தாழ்வாரத்தில் நடந்து போகிறது. கல் தரை, ஆனால் குளம்புச் சத்தமே இல்லை. பின்னால் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன், கயிற்றின் அந்த முனை எதிலும் கட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள். ஒருவரும் நிமிரவில்லை.

எழுந்து பார்த்தால் பர்கூர் மலையில் மேகம் பாதி வரை இறங்கியிருந்தது. கனவை எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் எழுதுகிறேன். தீவனக் கடைக்காரர் வருஷா வருஷம் டைரி கொடுக்கிறார், குதிரைக்கு என்ன போட்டேன், எது உதைத்தது என்று எழுதியும் பாதித் தாள் மிஞ்சுகிறது.

ஆனி 26, வியாழன்

தில்லிக்காரர்களுக்கு இன்று பதில் போட்டேன். பாதித் தள்ளுபடி போதாது, முழுசாக வேண்டும், விடுதியில் ஜன்னல் வைத்த தனி அறை வேண்டும், இல்லையென்றால் மகளை அனுப்புவதற்கில்லை. நான் தமிழில் சொல்ல, கைப்பேசியே இங்கிலீஷ் ஆக்கிக் கொடுத்தது.

மீதிப் பாதியை என்னால் கட்ட முடியும். அது இல்லை விஷயம். முதல் வார்த்தைக்குத் தலையாட்டுகிறவனைச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள். குதிரைக்கே அது தெரியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. உடனே ஒத்துக்கொண்டால் அவளைச் சும்மா வந்தவளைப் போல நடத்துவார்கள். நான் நொண்டிக் குதிரை ஒன்றை வைத்துத் தொழில் ஆரம்பித்தவன். இன்று மூன்று மாநிலத்தில் என் பேர் தெரியும். அதற்கெல்லாம் காரணம் முதல் தடவை 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்ததுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்க வேண்டும். பத்தடி போவதற்குள் அவன் கூப்பிடுவான்.

வீட்டில் சொல்லவில்லை. பேரம் முடிகிற வரை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆனி 29, ஞாயிறு

கோயமுத்தூரிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் காரில் வந்தார். பண்ணை வீடு கட்டியிருக்கிறாராம், வெள்ளைக் குதிரை வேண்டுமாம். பல்லைப் பிடித்துப் பார்த்தார், மயிர்ச் சுழி பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிடித்துவிட்டது. விலை கேட்டார். சொன்னேன். காபியைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டார்.

கூட்டி வந்த தரகர் ரங்கப்பன் என்னோடு இருபது வருஷப் பழக்கம். அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "ஏனுங்கண்ணா, அந்த வெலைக்கு ஒரு குதிரையும் வாங்கி, கூட ஒரு தேரும் வாங்கலாமுங்களே" என்றான். நல்ல சரக்குக்கு அவசரம் கூடாது என்றேன். இந்த விலை கேட்டு ஓடிப்போகிற நாலாவது ஆளுங்க இவர் என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

குதிரை மாசியில் குஜராத்திலிருந்து வந்தது. பெட்டைக் குதிரை. காது இரண்டும் உள்பக்கம் வளைந்திருக்கும். எதையாவது கவனித்துக் கேட்கிறபோது இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். சாயங்காலம் கல்லூரி பஸ் ஓடைப் பாலத்தில் திரும்பும்போதே இதன் காது கூடிவிடும். கேட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும். இளமதி இறங்கி வந்து நெற்றியைத் தடவினால்தான் தண்ணீர் குடிக்கும். நானும் அந்த நேரத்துக்குக் கேட்டருகில் இருக்க வேண்டியிருக்கிறது, தண்ணீர் காட்டுவதற்காக.

ஆடி 2, வெள்ளி

தில்லியிலிருந்து பதில் இல்லை.

என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு மகள் அத்தனை தூரம் போவது பிடிக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் மாசத்தின் மேல் பழியைப் போடுகிறாள். ஆடியில் எந்த முடிவும் எடுக்கக் கூடாதாம், ஆவணி பிறக்கட்டுமாம். ஆடிக் கடைசிதான் கெடு என்று இளமதி சொன்னதற்கு, அவர்கள் ஊரில் ஆடி இல்லையா என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்தது.

இளமதி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். இங்கே எல்லாருக்கும் தன்னைத் தெரியும், அங்கே போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதை நினைத்தால் போகவே வேண்டாம் என்று இருக்கிறது என்றாள். அப்படி உட்கார வேண்டும் என்றும் இருக்கிறதாம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது, எது பயம் எது ஆசை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றாள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டாள்.

விசாரித்துக்கொண்டிருக்கிறேன் கண்ணு என்றேன்.

ஆடி 7, புதன்

பதில் இல்லை. காற்று. தென்னை மட்டை விழுந்து லாயத்துக் கூரையில் இரண்டு ஓடு போயிற்று.

ஆடி 11, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் கண் அசந்துவிட்டேன். ஆடிக் காற்று காதுக்குள் ஆற்றுச் சத்தம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அதே தாழ்வாரம் வந்தது. இந்தத் தடவை குதிரை இல்லை. ஜன்னல் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி காய்ந்தது, காற்றுக்கு எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து ஒன்றாக வெளியே போயிற்று. கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். அது இளமதி சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. தட்டலாம் என்று கையைத் தூக்கினால் கை முழுக்கத் துண்டு சுற்றியிருந்தது.

விழித்த பிறகும் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்று பிடிபடவில்லை. கனைப்புச் சத்தம் கேட்டுத்தான் நம்ம லாயம் என்று தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்து போகிறவன் திரும்புவான் என்று பத்தடி வரை எதிர்பார்க்கலாம். கேட்டைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் வண்டியும் ஏறிவிட்டால் பேரம் செத்துவிட்டது என்று அர்த்தம். தில்லிக்காரர்கள் எப்போதோ வண்டி ஏறிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. சீட்டு வேறு யாருக்காவது போயிருக்கும். பெரிய இடத்துக்காரன் ஒரு தடவைதான் விலை சொல்வான் போலிருக்கிறது. எங்கள் தொழிலில் அப்படி ஆளே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்?

போனால் போகட்டும். ஈரோட்டில் என்ன குறை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்குக்குப் பவானி கூடுதுறை போனோம். ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. எதிர்க்கரை தெரியவில்லை, அவ்வளவு சாரல். பெண்கள் முளைப்பாரி விட்டார்கள். மயிலாத்தாள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள், என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இளமதி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். இலையில் வைத்த விளக்கு அவள் கையை விட்டதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வழி தெரிந்தது மாதிரி நடு ஆற்றுக்குப் போயிற்று. அவள் அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கால் மண்ணை அரித்து எடுத்தது, அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போவது மாதிரி எனக்குத் தெரிந்தது. போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்னங்கப்பா என்றாள். ஒன்றுமில்லை, வழுக்கும் என்றேன்.

தில்லிக்கு எழுதியதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கூட்டம் அதிகமாக இருந்தது.

ஆடி 22, வியாழன்

அந்தியூர்ச் சந்தைக்கு வேலை. ஆடித் திருவிழாவுக்குக் கூடுகிற சந்தை, எனக்கு வருஷத்துக்கு ஒரு தீபாவளி அதுதான். ஐந்து குதிரை கொண்டுபோகிறேன். பிடரி சீவி, குளம்புக்கு எண்ணெய் போட்டு, கழுத்துச் சலங்கைகளைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

நடுவில் கைப்பேசியை எடுத்து, 'நீங்கள் சொன்னதற்கே சம்மதம்' என்று எழுதினேன். எழுதி, பார்த்து, அழித்துவிட்டேன். இங்கே டவர் சரியாகக் கிடைப்பதில்லை.

ஆடி 28, புதன்

சந்தை. இதை முழுசாக எழுத வேண்டும்.

விடியும்போதே பனி மாதிரித் தூசி. ஆயிரம் மாடு, நூறு குதிரை, எல்லாம் மூச்சு விடுகிற வெக்கை தரையோடு மிதந்தது. அதற்கு மேலே கோயில் கொடி மட்டும் தெரிந்தது. இந்த வருஷம் இளமதி தானும் வருவேன் என்றாள். கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, வெள்ளைக் குதிரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பத்து மணிக்கு அந்தக் கோயமுத்தூர்த் தோட்டக்காரர் வந்தார், ரங்கப்பன் கூடவே. என் கையைத் துண்டுக்குள் இழுத்துப் பேரம் பேசுவார் என்று தோளிலிருந்து துண்டை எடுத்தேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் துண்டு போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவோம். முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, வாய் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவர் துண்டைக் கையால் தள்ளிவிட்டார். "அதெல்லாம் வேண்டாமுங்க. நீங்க அன்னைக்குச் சொன்ன வெலையவே குடுத்தர்றேன்" என்றார், எல்லார் காதிலும் விழ.

ரங்கப்பன் முகம் மலர்ந்தது. பக்கத்து லாயக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொன்ன விலை. ஒரு பைசா குறையாமல். என் ஆயுசில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த விலை ஆனி மாச விலை, இப்போது ஏறிவிட்டது என்றேன். இன்னும் மேலே ஒன்று சொன்னேன்.

சொன்ன வார்த்தையை மாற்றுகிறவனுக்கு எங்கள் தொழிலில் ஒரு பேர் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பேரை யாரோ பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. தோட்டக்காரர் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்லுங்க, நாளைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரங்கப்பன், "உங்களுக்கு உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களாண்ணா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

இளமதி வந்து வைக்கோல் கட்டின்மேல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்குக் குதிரையை விக்க மனசில்லீங்க."

"வெல பத்தல அம்முணி."

"அவங்க நீங்க சொன்ன வெலையத்தானுங்களே குடுத்தாங்க."

நான் சலங்கையைச் சரி பண்ணினேன். அது சரியாகத்தான் இருந்தது.

"தில்லிக்காரங்க எனக்கு எழுதியிருந்தாங்கப்பா" என்றாள். "ஆனியிலயே. உங்கப்பா வேண்டாம்னு எழுதியிருக்கறாரு, சேரப்போறது நீதான், நீ என்ன சொல்றேன்னு கேட்டாங்க."

அத்தனை சத்தத்திலும் சந்தை ஒரு நிமிஷம் தூரமாகப் போய்விட்டது. என் பதிலை அவர்கள் விலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சரக்கு யாருடையதோ அவளிடமே கேட்டிருக்கிறார்கள். நான் யாரும் இல்லாத கடை முன்னால் நின்று ஒரு மாசமாகப் பேரம் பேசியிருக்கிறேன்.

"நீ என்ன சொன்ன?"

"கடைசி நாள் வரைக்கும் டைம் கேட்டேன். எங்கப்பா குதிரை யாபாரி, மொதல் வார்த்தைக்கு ஒத்துக்க மாட்டாரு, வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னு அர்த்தமில்லைன்னு எழுதினேன்." ஒரு வைக்கோலை உருவி முறித்தாள். "அப்படித்தானுங்களே அப்பா?"

தோளில் போடாமலே வைத்திருந்த துண்டை மடித்து மடியில் வைத்தேன்.

"நாளையோட முடியுதுங்கப்பா."

அப்புறம் அவள் செய்ததை அந்தச் சந்தையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெண்கள் யாரும் அங்கே துண்டுக்குள் கை விடுவதில்லை. என் மடியிலிருந்த துண்டை எடுத்து, என் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டாள். சின்ன வயசில் நானும் ரங்கப்பனும் பேசுவதைப் பார்த்துப் பார்த்து, அவளும் அம்மாவின் முந்தானையை வைத்து விளையாடுவாள். மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

விரல் எல்லாம் சில்லென்று இருந்தது. முதலில் நான் பிடித்ததை அவள் தள்ளினாள். அவள் பிடித்ததை நான் தள்ளினேன். முகத்தை எதிர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சரியான வியாபாரி மாதிரி, "மழை வருமுங்களாப்பா?" என்று கேட்டாள்.

"வராது கண்ணு. காத்து கலச்சுப்போடும்."

திரும்பவும் பிடித்தாள். இந்தத் தடவை விடவில்லை. நானும் ஒன்று கேட்டேன், அதற்கு அவள் ஒன்று கேட்டாள். மாடுகள் போயின, குதிரைகள் போயின, பஞ்சுமிட்டாய்க்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது, யாருடைய வேர்வை என்று சொல்ல முடியாது.

துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது எங்கள் தொழிலில் இல்லை. இதிலும் எழுத மாட்டேன்.

ஆடி 29, வியாழன்

காலையில் இளமதி கைப்பேசியில் எதையோ அழுத்திவிட்டு வந்து இட்லி சாப்பிட்டாள். வழக்கமாக மூன்று, இன்றைக்கு ஐந்து.

தோட்டக்காரரிடம் நானே தேடிப் போனேன். குதிரை விற்பனைக்கு இல்லை என்றேன். எந்த விலைக்கும் இல்லையா என்றார். எந்த விலைக்கும் இல்லை, நேற்று பேசியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இதை ஆனியிலேயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு நடை மிச்சமுங்களே" என்றார். மற்ற நாலில் சிவப்புக் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனார். குறைத்துத்தான் கொடுத்தேன்.

ஆவணி 3, செவ்வாய்

ஈரோடு ஜங்ஷன். கூட மயிலாத்தாளும் அவள் தம்பியும் போகிறார்கள், விடுதியில் சேர்த்துவிட்டு வருவார்கள். நானும் போவதாகத்தான் இருந்தது. குதிரைகளை யார் பார்ப்பது என்று நின்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆட்டோக்காரன் ஒரு தொகை சொன்னான். சரி என்று ஏறி உட்கார்ந்தேன். மயிலாத்தாள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டோக்காரனும் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமே என்கிற மாதிரி கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

தூறல். பிளாட்பார விளக்கெல்லாம் பகலிலேயே எரிந்தது. இளமதி ஜன்னலோரம். சாப்பிடு, எழுது, குடையைத் தொலைக்காதே என்று எல்லாரும் சொல்கிறதை நானும் சொன்னேன். வண்டி கிளம்ப மணி அடித்ததும் அவள் கம்பிக்கு நடுவில் கையை நீட்டினாள். என் தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தக் கைமேல் போட்டாள், எதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் உள்ளே கையை விட்டு, ரயில்வே கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மழை வருமுங்களாப்பா?"

"வரும் கண்ணு."

வண்டி நகர்ந்தது. கூடவே நாலடி நடந்தேன், அப்புறம் விட்டேன். துண்டு அவளோடு போய்விட்டது. தோள் லேசாக இருந்தது, திரும்பி வருகிற வழியெல்லாம் கை அதையே தேடிக்கொண்டிருந்தது.

ஆவணி 6, வெள்ளி

கொள்ளு சரியாக இருந்தது. கூரையில் போன ஓடுகளை மாற்றினேன். மத்தியானம் நானே ரசம் வைத்தேன், உப்பு அதிகம்.

இளமதி பேசினாள். அறையில் மூன்று பேராம். ஜன்னல் இருக்கிறதாம், மஞ்சள் பூ மரம் இருக்கிறதா என்று கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். வகுப்பில் கடைசி பெஞ்சாம். பாதி புரியவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கனவில் கதவுக்கு உள்ளே கேட்ட அதே சிரிப்பு.

ஐந்து மணிக்கு ஓடைப் பாலத்தில் பஸ் திரும்பியது. குதிரைக்குக் காது கூடியது, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. பஸ் நிற்காமல் போயிற்று. நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தது.

அதற்குப் பிறகும் நான் கேட்டருகில் நின்றேன். குதிரைக்காக இல்லை.